ஜெயித்த பிறகு முளைக்கும் காரணங்கள்

வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குகளைப் பிரிப்பார்கள். இயந்திரங்களின் முறை எட்டரைக்கு மேல்தான் வரும். ஆனால் எட்டேகாலுக்கே டிவியின் அடியில் வண்ணப்பட்டை ஓடத் தொடங்கிவிடும். இந்தக் கட்சி பதினோரு இடத்தில் முன்னிலை, அந்தக் கட்சி ஏழு இடத்தில் முன்னிலை. சில தொகுதிகளில் அந்த முன்னிலை முப்பது, நாற்பது ஓட்டாக இருக்கும். அதனாலென்ன? ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் அரசியல் நோக்கருக்குக் காரணம் கைவசம் இருக்கிறது. "அரசு ஊழியர்களோட கோபம் தெரியுது சார். பழைய பென்ஷன் விஷயத்தை இவங்க கண்டுக்கவே இல்ல." பத்தரை மணிக்குப் பட்டை தலைகீழாகப் புரண்டிருக்கும். அதே நோக்கர், அதே நாற்காலி. "பெண்கள் ஓட்டு சத்தமில்லாம விழுந்திருக்கு சார்."

எண்ணும் கூடத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகள் இவ்வளவு அவசரப்படுவதில்லை. பொதுவாக ஒரு தொகுதிக்குப் பதினான்கு மேசை போடுவார்கள். முதல் சுற்றில் ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணுள்ள சாவடிகள், அடுத்த சுற்றில் பதினைந்திலிருந்து. சாவடிகளுக்கு ஊர் வரிசையில் எண் கொடுத்திருப்பதால் முதல் சுற்று என்பது தொகுதியின் ஏதோ ஒரு மூலை, அவ்வளவுதான். வேட்பாளரின் சொந்த ஊர் பதினெட்டாவது சுற்றில் கிடக்கலாம். மூவாயிரம் ஓட்டு பின்னால் இருக்கும்போதும் கையில் பேனாவோடு "நம்ம பெல்ட் இன்னும் வரலண்ணே" என்று சொல்லும் ஏஜென்டுக்கு, ஸ்டூடியோவில் இருப்பவரைவிட நல்ல தர்க்கம் தெரியும்.

மேடையில் தலைவர்கள் பேசுவதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எதிராளியை மட்டம் தட்டுவதும் தன் சாதனையைப் பத்து மடங்காக்குவதும் அங்கே தொழில் தர்மம். கேட்கிறவர்களும் அதற்கேற்பத் தள்ளுபடி போட்டுத்தான் கேட்கிறார்கள். கவலை தருவது, முடிவு வந்த பிறகு 'நடுநிலையோடு' சொல்லப்படும் விளக்கங்கள்தான். வென்றவரிடம் என்ன இருந்தது என்று பார்க்கிறோம். அதையே காரணம் என்கிறோம். அதே சரக்கு தோற்றவரிடமும் இருந்ததா என்று கேட்பதில்லை. அப்படிப் பிறந்த விளக்கம் ஐந்து வருடத்தில் பாடமாகி, அடுத்த தேர்தலில் தொகுதிப் பங்கீட்டு மேசைக்கே வந்துவிடுகிறது.

கழுத்துக் கட்டும் பாட்னாவும்

தமிழகத்தில் மிக அதிகம் விளக்கப்பட்ட தேர்தல் 1967. காங்கிரஸ் ஆட்சி போனது, தி.மு.க. 234 இடங்களில் 137ஐப் பிடித்தது, விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்தார். ஏன்? 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்பார் ஒருவர். அரிசித் தட்டுப்பாடும் ரூபாய்க்கு மூன்று படி அரிசி வாக்குறுதியும் என்பார் இன்னொருவர். ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதும், கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டதும்தான் என்பது பழைய ரசிகர் மன்றத்துக்காரர்களின் அசைக்க முடியாத கட்சி. ராஜாஜி அண்ணாவோடு சேர்ந்ததால் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வாரிசு உண்டு என்பதைக் கவனியுங்கள். எந்தக் காரணம் ஜெயிக்கிறதோ அந்த வாரிசுக்கு 1967இல் பங்கு கிடைக்கும்.

இப்போது பார்வையைக் கொஞ்சம் வடக்கே திருப்புவோம். அதே தேர்தலில் கேரளம், மேற்கு வங்கம், ஒரிசா, பீகார், பஞ்சாப் ஆகிய மாநிலங்களிலும் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. பாட்னா சுவர்களில் கழுத்துக் கட்டுப் படம் ஒட்டப்படவில்லை. பீகாரில் இந்தியை எதிர்த்து யாரும் தீக்குளிக்கவில்லை. அப்படியானால் பல மாநிலங்களுக்கும் பொதுவான சரிவுக்குப் பொதுவான காரணத்தைத்தான் தேட வேண்டும். 1965, 66 வறட்சி, விலைவாசி, 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, இருபது மாத இடைவெளியில் நேருவும் சாஸ்திரியும் மறைந்தது, எதிர்க்கட்சிகள் முதன்முறையாகப் பரவலாகக் கைகோத்தது என்று அந்தப் பட்டியல் நீளும்.

அதற்காக எம்.ஜி.ஆர். படத்தையும் மொழிப்போரையும் தூக்கிப் போட்டுவிட முடியாது. மற்ற மாநிலங்களில் காங்கிரஸ் சரிந்த இடத்தில் பல கட்சிகள் ஒட்டுப்போட்ட கூட்டணி அரசுகள்தான் வந்தன. சென்னை மாநிலத்தில் மட்டும் ஒரே எதிர்க்கட்சி தனிப் பெரும்பான்மையோடு உள்ளே வந்தது. அந்த வித்தியாசத்துக்கு உள்ளூர்க் காரணம் வேண்டும். மொழியும், படிப்பகம் வைத்துக் கிளை வளர்த்த கட்சி அமைப்பும், சினிமாவும் அங்கேதான் கணக்கில் வருகின்றன. காங்கிரஸ் ஏன் தோற்றது என்பது ஒரு கேள்வி, தி.மு.க. ஏன் அவ்வளவு பெரிதாக ஜெயித்தது என்பது வேறொரு கேள்வி. நாம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மேலே நமக்குப் பிடித்த பெயரை எழுதுகிறோம்.

இதே தேர்தலை வைத்து எதிர்த் திசையிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் நடக்கும். "காங்கிரஸுக்கு 41.1 சதவீதம், தி.மு.க.வுக்கு 40.7 சதவீதம். ஜனங்க காங்கிரஸைத்தான் விரும்பினாங்க." எண்கள் சரி. ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.க. நின்றது 174இல். மீதியை சுதந்திரா, கம்யூனிஸ்டுகள் போன்ற தோழமைக் கட்சிகளுக்கு விட்டிருந்தது. ஓட்டே கேட்காத ஊரில் ஓட்டு விழாததைக் குறையாகக் கணக்கு வைத்தால் என்ன செய்வது? 2006இலும் இதுவே திரும்ப வந்தது. அ.தி.மு.க. 188 தொகுதியில் நின்று 32 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, தி.மு.க. 132இல் நின்று 26 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. "அதிக ஓட்டு எங்களுக்குத்தான்" என்ற பேச்சு அடுத்த ஐந்து வருடமும் ஓயவில்லை.

கலர் டிவி கணக்கு

2006 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இலவச கலர் டிவி. தி.மு.க. தேர்தல் அறிக்கையில் டிவியும் இரண்டு ரூபாய் அரிசியும் இருந்தன, தி.மு.க. ஜெயித்தது, ஆகவே டிவி ஜெயிக்க வைத்தது. இந்த விளக்கம் டெல்லிப் பத்திரிகைகளுக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. தமிழன் டிவிக்கு ஓட்டுப் போட்டான் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

சரி, பிறகு என்ன ஆனது? தி.மு.க. அரசு சொன்னபடி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகளை வீடு வீடாகக் கொடுத்தது. அரிசியை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. 2011இல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 23 இடம். டிவி தருவேன் என்று சொன்னபோது ஆட்சி வந்ததாம், டிவியைக் கொடுத்து முடித்தபோது ஆட்சி போயிற்றாம். "2011இல் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று ஒரு படி மேலே போனார், அதனால்தான்" என்று உடனே பதில் வரும். அப்படியே வைத்துக்கொள்வோம். 2021 பொங்கலுக்கு அ.தி.மு.க. அரசு ரேஷன் அட்டைக்கு 2,500 ரூபாய் கொடுத்தது, பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது, தேர்தலுக்கு முன் நகைக்கடனையும் சேர்த்தது. மே மாதம் வீட்டுக்குப் போனது. இங்கே உள்ளவர்கள் எல்லோரும் கொடுக்கிறார்கள். ஜெயித்தவரும் கொடுத்தார், தோற்றவரும் கொடுத்தார். அப்புறம் கொடுத்ததால் ஜெயித்தார் என்பதற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வி புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைப் பாடமாகச் சொல்கிறார். காப்பியம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி, கதையே நகராது. அதில் ஒன்பது பக்கப்போலி, பதினான்கு ஏதுப்போலி, பத்து எடுத்துக்காட்டுப்போலி என்று முப்பத்து மூன்று விதமான பிழை வாதங்களுக்குப் பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டும் கொடுக்கிறார். ஏதுப்போலியில் ஒரு வகை சாதாரணம். ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிட்டால், அழியும் குடமும் அறியப்படுகிறது, அழியாத ஆகாயமும் அறியப்படுகிறது, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஒரு பக்கத்தை எப்படி நிறுவுவாய் என்று மடக்குகிறார் அடிகள். அவரைத் தேர்தல் இரவில் ஒரு சேனலில் உட்கார வைத்தால் விளம்பர இடைவேளைக்கு முன்பே நிகழ்ச்சி முடிந்துவிடும்.

ஓட்டுக்குப் பணம் விஷயமும் இதே ரகம்தான். 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் தி.மு.க. ஏறத்தாழ 39,000 ஓட்டில் ஜெயித்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயரே நிலைத்தது. இரண்டே வருடத்தில், 2011 பொதுத்தேர்தலில், அதே திருமங்கலம் அ.தி.மு.க.வுக்குப் போனது. இதைச் சொன்னால் பணத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடக் கூடாது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்த மாநிலம் இது. பணம் குற்றம், சட்டப்படியும் நியாயப்படியும். ஆனால் குற்றம் என்பதாலேயே அது முடிவைத் தீர்மானிக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டு பக்கமும் கவர் கொடுக்கும் தெருவில் வாக்காளர் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு வேறு எதையோ யோசித்துத்தான் பொத்தானை அழுத்துகிறார். அந்த 'வேறு எதையோ' தேடிப் போவது உழைப்பு பிடிக்கும் வேலை. "எல்லாம் காசுதான்" என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். தோற்ற வேட்பாளருக்கு அதில் ஆறுதலும் உண்டு.

ரஜினியின் வாய்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1996இல் அவர் ஒரு வார்த்தை சொன்னார், ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார். 1998இலும் அவர் அதே தி.மு.க. - த.மா.கா. அணிக்குத்தான் ஆதரவு சொன்னார், அ.தி.மு.க. அணி 39இல் 30ஐ அள்ளியது. 2004இல் பா.ம.க. நின்ற ஆறு தொகுதியிலும் அதைத் தோற்கடிக்கச் சொன்னார், ஆறிலும் பா.ம.க. ஜெயித்தது. பேச்சில் வாழ்வது 1996 மட்டும்தான்.

கூட்டல்

தொகுதிப் பங்கீட்டு மேசையில் நடக்கும் கணக்கு இன்னும் சுவாரசியம். உங்களுக்கு எட்டு, எங்களுக்கு இருபத்து மூன்று, அவருக்கு இரண்டு, ஆகமொத்தம் முப்பத்து மூன்று சதவீதம். தமிழகக் கட்சித் தலைவர்கள் அத்தனை பேரும் இந்த விஷயத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்.

கூட்டல் பலித்த சமயமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1989 ஜனவரியில் எம்.ஜி.ஆர். இல்லாத அ.தி.மு.க. ஜெ. அணி, ஜா. அணி என்று உடைந்தும், காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் தனியாகவும் நின்றன. தி.மு.க. சுமார் 33 சதவீதத்தில் 150 இடம் பிடித்தது. எதிரே சிதறிய மூன்றையும் கூட்டினால் ஐம்பதைத் தொடும். அதன் பிறகு அ.தி.மு.க. ஒன்றாகி காங்கிரஸோடு சேர்ந்தது. நவம்பர் மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கூட்டல் சொன்னதைவிட அதிகமாகவே பலித்தது. அன்று பிரிந்து கிடந்தவை ஒரே வீட்டுப் பங்காளிகள், ஒரே வாக்காளர் கூட்டம். சேர்ந்ததும் ஓட்டும் சேர்ந்தது.

2016இல் மக்கள் நலக் கூட்டணியைப் பாருங்கள். தே.மு.தி.க., ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், த.மா.கா. இவற்றில் 2011இல் நின்ற கட்சிகளின் பங்கைக் கூட்டினாலே பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் வரும். கிடைத்தது ஆறு சதவீதம் சொச்சம், இடம் பூஜ்யம். 2011இல் தே.மு.தி.க. வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஓட்டில் அ.தி.மு.க.காரர் போட்டது எவ்வளவு என்று யாரும் கழித்துப் பார்க்கவில்லை. கூட்டணியில் நின்று வாங்கிய சதவீதத்தைக் கட்சியின் சொந்தச் சொத்தாக எழுதிக்கொண்டதுதான் அங்கே நடந்தது.

2024 முடிவு வந்த மறுநாளே இன்னொரு கூட்டல். அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரியாமல் இருந்திருந்தால் பத்துக்கு மேற்பட்ட தொகுதிகள் கைக்கு வந்திருக்கும் என்று பட்டியல் போட்டார்கள். தொகுதிவாரிக் கூட்டல் சரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பா.ஜ.க. ஓட்டும் இரட்டை இலைக்குப் போகும், ஒவ்வொரு அ.தி.மு.க. ஓட்டும் தாமரைக்குப் போகும், எதிரணியில் ஒருவரும் அதனால் விழித்துக்கொள்ள மாட்டார் என்ற மூன்று அனுமானங்களும் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் இரண்டு கட்சிகளும் மறுபடி சேர்ந்தபோதும் பேச்செல்லாம் அந்தக் கூட்டலைச் சுற்றியே இருந்தது.

கள்ளச்சாராயமும் கடனும்

தேர்தல் இல்லாத மாதங்களிலும் இந்தப் பழக்கம் ஓய்வதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றிரவு விவாதங்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் கேள்வி மெத்தனாலிலிருந்து விலகி, யார் ஆட்சியில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணிக்கைக்குப் போய்விட்டது. "உங்க ஆட்சியில நடக்கலயா?" என்று கேட்டுவிட்டால் தன் ஆட்சியில் நடந்ததற்குப் பதில் சொன்னதாகக் கணக்கு. இரண்டு பேரும் குற்றவாளிகள் என்பதற்கான சான்றை இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்துவிட்டு, இருவரும் நிரபராதி என்ற தோரணையில் எழுந்து போகிறார்கள்.

இடையில் இரண்டு கோட்பாடுகள் வந்தன. ஒன்று, பூரண மதுவிலக்கு இருந்தால் இந்தச் சாவு நேர்ந்திருக்காது. மற்றொன்று, டாஸ்மாக்கை மூடினால்தான் கள்ளச்சாராயம் பெருகும். முதல் கோட்பாட்டுக்காரர் குஜராத்தைப் பார்த்திருக்கலாம்: மதுவிலக்கு உள்ள அந்த மாநிலத்தில் 2022 ஜூலையில் போடாட் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதே மெத்தனாலுக்குப் பலியானார்கள். இரண்டாமவர் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், கள்ளக்குறிச்சியையே பார்த்திருக்கலாம். அங்கே டாஸ்மாக் கடை திறந்துதான் இருந்தது. கடை இருந்தாலும் சாவு, இல்லாவிட்டாலும் சாவு என்றால் விசாரிக்க வேண்டியது தொழிற்சாலைக்கு வரும் மெத்தனால் எந்த வழியில் சாராயத்துக்குள் கசிகிறது என்பதை. அந்தக் கேள்விக்கு ஒரு கட்சியின் கொடி பொருந்தாது. அதனால் அது பிரைம் டைமில் நிற்பதில்லை.

கடன் விவாதமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றது அது. கேட்டவர்களுக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்பது போலிருந்தது. அரசாங்கக் கடன் குடும்பக் கடன் மாதிரி அல்ல. அரசுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது, வருமானம் வளர்ந்துகொண்டே போகும், பழைய கடனைப் புதிய கடனால் மாற்றிக்கொண்டே ஓடும். பார்க்க வேண்டியது மாநிலப் பொருளாதாரத்தில் கடன் எத்தனை சதவீதம் என்பதை. அதற்கு முன் ஆட்சியில் இருந்தபோது அ.தி.மு.க. இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது நாற்காலி மாறியிருந்தது. 5.7 லட்சம் கோடியாகச் சொல்லப்பட்ட கடன், 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் 9 லட்சம் கோடியைத் தாண்டியது. அ.தி.மு.க. இப்போது ரூபாயில் பேசியது, தி.மு.க. சதவீதத்தில் பேசியது. அந்தச் சதவீதமோ இரண்டு காலத்திலும் 26ஐ ஒட்டியே நின்றது. கடன் வாங்கிய பணம் பாலமாகப் போனதா, சம்பளமாகவும் வட்டியாகவும் கரைந்ததா என்று கேட்டால் இரண்டு அரசுகளுக்குமே சங்கடம்.

நான்கே மாதம்

இவ்வளவும் பேச்சளவில் நின்றால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். பிழையான வாதம் ஆட்சியையே கவிழ்த்த கதையும் நம்மிடம் இருக்கிறது.

1977 மக்களவைத் தேர்தலில் வட மாநிலங்களில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. புதிய ஜனதா அரசு, அங்கே மக்கள் மாநில அரசுகள் மீதும் நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் அரசுகளைக் கலைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1980 ஜனவரியில் இந்திரா திரும்பி வந்தார். பாடத்தை அவரும் படித்திருந்தார். அதே வாதம், அதே எண்ணிக்கை: ஒன்பது மாநிலங்கள். இந்த முறை பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. மக்களவைத் தேர்தலில் தி.மு.க. - காங்கிரஸ் அணி 39இல் 37ஐப் பிடித்திருந்தது, அ.தி.மு.க.வுக்கு கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். எம்.ஜி.ஆர். ஆட்சி பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. மே மாத இறுதியில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். அணிக்கு 162 இடம்.

நான்கு மாதத்தில் மக்கள் மனம் மாறிவிட்டது என்றார்கள் அப்போதும். மாறியது மனமா, கேள்வியா? ஜனவரியில் டெல்லிக்கு யார் என்று கேட்டார்கள், மே மாதம் கோட்டைக்கு யார் என்று கேட்டார்கள். பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்துக்குள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்ல 1994 பொம்மை வழக்கு வரை ஆயிற்று.

நான்கு மாத இடைவெளிகூட வேண்டாம் என்று காட்டியது 2019. மக்களவையோடு சேர்ந்து 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் வந்தது. அவற்றில் 18க்கு அதே ஏப்ரல் 18ஆம் தேதிதான் வாக்குப்பதிவு. மக்களவையில் தி.மு.க. அணிக்கு தேனி தவிர எல்லாம். இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9. தர்மபுரி மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க. கூட்டணி சார்பில் நின்ற அன்புமணி ராமதாஸ் தோற்றார். அதற்குள் அடங்கிய அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. எந்தச் சாவடியில் எந்த ஊர்க்காரர் எப்படிப் போட்டார் என்பதற்கு படிவம் 20 என்ற சாவடிவாரித் தாள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மோடி எதிர்ப்பு அலை என்று அந்த மே 23 இரவில் பேசியவர்களிடம் இந்த இரண்டு தொகுதிகளுக்குப் பதில் இல்லை. அலை என்றால் அங்கே ஏன் கரையோடு நின்றது என்று யாரும் கேட்கவுமில்லை. எடப்பாடி பழனிசாமி அரசுக்குப் பெரும்பான்மை தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஒன்பது இடங்களை வைத்து அவர் 2021 மே வரை ஆட்சியை ஓட்டிமுடித்தார்.